நாலு மிஷினுக்கு ஒரு கைப்பிடி

குற்றாலநாதர் மேல், இலஞ்சி முருகன் மேல், நான் இதுவரை தின்ற சோற்றின் மேல் சத்தியமாகச் சொல்லுகிறேன்: கீழே வருவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சத்தியம் என்றால் வலது கையை நீட்ட வேண்டும் என்பார்கள். சம்பவம் நடந்த அன்று என் வலது கையில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் இடது கையைத்தான் நீட்டுகிறேன். செல்லும் என்றே நினைக்கிறேன்.

தென்காசியில் ஒரு டயாலிசிஸ் மையம். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள் நடத்துவது. மாடியில் நீளமாக ஒரு அறை, நாலு நாற்காலி, நாலு மிஷின். கீழே வண்டி நிறுத்துகிற இடம். அதன் கோடியில் ஷட்டர் போட்ட ஒரு பொந்து, அதற்குள் ஜெனரேட்டர்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று தெரியாமல் வாழுகிற பாக்கியவான்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கிட்னி வேலையை விட்டுவிட்டால், ரத்தத்தை ஒரு டியூப் வழியாக வெளியே எடுத்து, மிஷினில் அலசி, இன்னொரு டியூப் வழியாக உள்ளே விடுவார்கள். நாலு மணி நேரம், வாரத்தில் மூன்று நாள். அதுவரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. கட்டிப்போட்ட மாடாவது கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடும். நாம் அறுத்தால் ஓடுவது நாம் இல்லை, நம் ரத்தம்.

மதிய செட்டில் நாங்கள் நாலு பேர். ஜன்னல் ஓரம் சிவகிரி முருகம்மாள். நெல் விவசாயம். அவள் வயலில் கிளி விரட்ட ஆள் வைத்ததே இல்லை. வரப்பில் நின்று ஒரு அதட்டு போடுவாள், கிளி அடுத்த தாலுகாவில் போய் இறங்கும். அவளுக்கு அடுத்து ஷெர்லின். அப்புறம் நான், வல்லிநாயகம். சுவர் ஓரம் புளியறை அய்யாத்துரை. செக்போஸ்ட் பக்கத்தில் புரோட்டாக் கடை வைத்திருந்தவர். அவர் வீசின மாவை வெளிச்சத்தில் பிடித்தால் பின்னால் இருக்கிற பேப்பரைப் படிக்கலாம். லாரிக்காரர்கள் அப்படித்தான் செய்தி தெரிந்துகொண்டார்கள்.

கதை ஷெர்லினுடையது. இருபது வயது. அம்மா ரெபேக்காளுக்குக் குற்றாலம் மெயினருவிக்குப் போகிற வழியில் ஒரு கடை. குளிக்க வருகிறவர்களுக்குத் துண்டும் அரை டிராயரும் விற்பது. மகள் கபடி ஆடுகிறவள். அவளுடைய மூச்சைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். இலஞ்சியில் ஒரு போட்டி. மூச்சு இருக்கிற மட்டும் பாடலாம் என்கிற பழைய விதி. இவள் 'கபடி கபடி' என்று எதிரணிக்குள் ரைடு போனாள். மூச்சு விடட்டும் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். நடுவர் டீ குடித்துவிட்டு வந்தார். பொழுது சாய்ந்து லைட் போட்டார்கள். எதிரணியில் ஒரு பெண்ணை மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இவள் அப்புறம்தான் கோட்டைத் தொட்டாள். மாப்பிள்ளை நல்ல இடம், விசாரித்துவிட்டேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஒரு நாள் முகம் வீங்கியது. மாடிப்படி ஏறினால் இளைத்தது. போய்ப் பார்த்தால் இரண்டு கிட்னியும் முடிந்துவிட்டது. இடது கையில் ரத்தக் குழாய் இரண்டை இணைத்துத் தைத்தார்கள், ஊசி குத்துவதற்காக. எங்கள் எல்லோருக்கும் அது உண்டு, தொட்டால் கொர்ர் என்று அதிரும். இவளுடையதன் மேல் செல்போனை வைத்தால் சார்ஜ் ஏறும். என் போனும் ஏறியது, கொஞ்சம் மெதுவாக.

ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்க வேண்டிய வியாதி இது. மெயினருவிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ராத்திரி நாக்கு ஒட்டிக் கிடப்பாள். "தாத்தா, ஊர் பூரா தண்ணி ஊத்துது, எனக்கு மட்டும் ரேஷன்" என்று என்னிடம் சொல்லுவாள். அழமாட்டாள். ஊசி குத்தும்போது மட்டும் வாய்க்குள் கபடி பாடுவாள்.

அவளுக்கு ஒரு வழி இருந்தது. ரெபேக்காள் தன் கிட்னியில் ஒன்றைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். உறவில் வேறு யாருடையதும் சரிப்படவில்லை. ஆடி கழிந்ததும் ஆபரேஷன். திருநெல்வேலி டாக்டர் ஷெர்லினைக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: "உனக்கு ரத்தம் ஏற்கெனவே கம்மி. ஒரு தம்ளர்கூட வீணாகக் கூடாது. குறைஞ்சா வெளி ஆள் ரத்தம் ஏத்தணும். ஏத்தினா உன் உடம்பு அந்நியரை எதிர்க்கக் கத்துக்கிடும். அப்புறம் அம்மா கிட்னியையும் அந்நியம்னு தள்ளிரும்." அன்றிலிருந்து கொசு கடித்தால்கூட ஷெர்லின் அதை விசாரிக்காமல் விடமாட்டாள்.

இப்போது அந்த வெள்ளிக்கிழமை. ஆனி மாதம், சீசன் உச்சத்தில். சாரல் என்றால் அது சாரல் இல்லை. புளியறையைத் தாண்டிக் கேரளாவுக்குள் போன லாரி ஒன்றைக் காற்று பின்னுக்கே தள்ளிக்கொண்டுவந்து செக்போஸ்ட்டில் விட்டுவிட்டது. டிரைவர் கொல்லம் வந்துவிட்டது என்று இறங்கி மலையாளத்தில் டீ கேட்டிருக்கிறான்.

சீசன் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் கையகல இடம் வைத்திருக்கிறவனும் 'கார் பார்க்கிங்' என்று அட்டை தொங்கவிடுவான். மையத்து வாட்ச்மேன் பிச்சையாவும் தொங்கவிட்டிருந்தார். அன்று ஒரு வெளியூர் வேன் வந்தது. நனையாமல் நிற்கட்டும் என்று உள்ளே, கடைசி வரை, ஷட்டரில் மூக்கு உரசுகிற மாதிரி நிறுத்தச் சொன்னார்.

பாதி டயாலிசிஸில் கரண்ட் போனது.

ஏசி நின்றது. நாலு மிஷினும் கீ கீ என்று கத்தின. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கிவிட்டது. ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று முருகம்மாளும் அய்யாத்துரையும் போட்ட சண்டையில் அதை ஆணியடித்தே வைத்திருந்தார்கள். கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி. அறை ஒரு இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. சிவப்பு டியூபுக்குள் ரத்தம் அப்படியே நின்றது. எனக்குச் சொந்தமானது எனக்கு வெளியே நிற்கிறது, எழுந்து போய் எடுக்க முடியாது.

"ஒண்ணுமில்ல, ஜெனரேட்டர் வந்துரும்" என்றான் மணிகண்டபிரபு. மிஷின் பார்க்கிற பையன். நர்ஸ் அன்று லீவு, அவன் ஒருத்தன்தான்.

வரவில்லை. பிச்சையாதான் வந்தார், சொட்டச் சொட்ட.

"மணி, ஷட்டரைத் தூக்க முடியல."

"ஏன் அண்ணாச்சி?"

"வேன் நிக்குது."

"எடுக்கச் சொல்லுங்க. டிரைவர் எங்க?"

பிச்சையா மேற்கே கையைக் காட்டினார். "ஐந்தருவியில குளிக்கான். சாவியை இடுப்புல முடிஞ்சிட்டுப் போயிருக்கான். பொறுப்பான பையன்."

"ஏலே பிச்சையா!" என்றாள் முருகம்மாள். அந்தச் சத்தத்தில் ஜன்னலில் இருந்த ஆவி மொத்தமும் உதிர்ந்துவிட்டது. "என் ரத்தம் நடுரோட்டுல நிக்குது, நீ வேன் நனையுதுன்னா பாவம் பாத்த?"

மணி மூலையில் இருந்த அலமாரியை உருட்டினான். கரண்ட் போனால் பம்பைக் கையால் சுற்றி ரத்தத்தை உடம்புக்குள் திருப்பிவிட ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. தாமதமானால் வெளியே நிற்கிற ரத்தம் தயிர் மாதிரி உறைந்துபோகும். நாலு மிஷினுக்கு நாலு கைப்பிடி வாங்கியிருந்தார்கள். ஒன்று ஆயுதபூஜைக்குத் தேங்காய் உடைக்கப் போய்த் திரும்பவில்லை. ஒன்று பாத்ரூம் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் போயிற்று. இன்னொன்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மிச்சம் ஒன்று.

அவன் நாலு மிஷினிலும் ரத்தத்துக்குப் பின்னால் பாட்டில் உப்புத்தண்ணீர் வருகிற மாதிரி கிளிப்பை மாற்றிவிட்டு, கைப்பிடியை ஷெர்லின் கையில் வைத்தான்.

"இங்கன உன் கையிலதான் தெம்பு இருக்கு. நிறுத்தாம, ஒரே சீரா சுத்தணும். டியூப்ல ரத்தம் போயி தண்ணி நிறம் வந்ததும் கிளிப்பைப் போட்டுரு. மொதல்ல உன்னுது. அம்மா கிட்னி ஞாபகம் இருக்குல்லா? நாங்க வேனை நகட்டிட்டு ஓடி வாரோம்."

இரண்டு பேரும் படியில் இறங்கி ஓடினார்கள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

ஷெர்லின் தன் மிஷினில் கைப்பிடியைச் செருகப் போனாள். அப்போது சுவர் ஓரத்தில் அய்யாத்துரை, "எண்ணெய் காஞ்சுட்டா பாருலே" என்றார். எங்களில் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"தாத்தா, அண்ணாச்சிக்கு பிரஷர் இறங்குது" என்றாள் ஷெர்லின்.

"தெரியுது."

"அவருக்கு இப்பவே ரத்தம் உள்ள போணும்."

"அதுவும் தெரியுது."

கையில் இருந்த கைப்பிடியைப் பார்த்தாள். தன் டியூபைப் பார்த்தாள். "ஆண்டவரே, ஒரே ஒரு ரைடு" என்றாள். "தாத்தா, என் நாற்காலி பிரேக்கை மிதிங்க."

மிதித்தேன். எங்கள் நாற்காலிக்கும் மிஷினுக்கும் சக்கரம் உண்டு. ஊசி குத்திய இடது கையை மடியில் அசையாமல் வைத்துக்கொண்டு, ஒரு காலால் தரையை உந்தி, இன்னொரு கால் கட்டைவிரலால் தன் மிஷினைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு புறப்பட்டாள். என் முழங்காலை உரசிக்கொண்டு போனாள். எட்டி அய்யாத்துரையின் மிஷினைத் தொட்டாள். மூச்சை இழுத்தாள். கபடி கபடி கபடி. ஒரு கபடிக்கு ஒரு சுற்று.

"கூறு கெட்டவளே!" என்றாள் முருகம்மாள். "உன்னுதைப் பாருட்டி மொதல்ல! ஆத்தா அறுத்துத் தரக் காத்திருக்கா, நீ புரோட்டாக்காரனுக்குச் சுத்துத!"

ஷெர்லின் சுற்றிக்கொண்டே இருந்தாள். பதில் சொன்னால் மூச்சு போய்விடும், சுற்று தவறிவிடும். அய்யாத்துரையின் டியூப் சிவப்பிலிருந்து ரோஜா நிறமாகி, பிறகு வெறும் தண்ணீர் ஆனது. அவர் கண்ணைத் திறந்து, "கடை அடைச்சாச்சா?" என்றார்.

கபடி கபடி என்றே ஷெர்லின் நாற்காலியைத் திருப்பி அறையின் அடுத்த கோடிக்குப் போனாள். முருகம்மாள் மிஷினைச் சுற்றினாள். சுற்றுகிற நேரம் முழுக்க முருகம்மாள் அவளைத் திட்டினாள். திட்டத் திட்ட ரத்தம் நன்றாக இறங்கியது.

இந்த இடத்தில் கீழே நடந்ததைச் சொல்ல வேண்டும். மணியும் பிச்சையாவும் ரோட்டில் போன நாலைந்து பேரும் சேர்ந்து வேனைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஷட்டர் தூக்க இன்னும் ஒரு முழம்தான் பாக்கி. மேலேயிருந்து கபகபகபகப என்று ஒரே சீராகச் சத்தம் வந்தது. பிச்சையா காதைச் சாய்த்துக் கேட்டார்.

"மணி, மிஷின் ஓடுது. கரண்ட் வந்துட்டு."

"ஆமா அண்ணாச்சி. வந்துட்டு."

தள்ளுவதை விட்டுவிட்டார்கள். பிச்சையா தள்ளினவர்களுக்கு டீ சொன்னார். மணியும் ஒரு டீ குடித்தான். அவ்வளவு திடமான மூச்சு அவளுடையது. வேறு எவள் பாடியிருந்தாலும் காப்பாற்ற ஓடி வந்திருப்பார்கள்.

என் முறை வந்தது. ஷெர்லின் என் முன்னால் வந்து நின்றாள். அவள் டியூபைப் பார்த்தேன், கருப்பட்டிப் பாகு நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கைப்பிடியை வாங்கி நானே சுற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்னொரு சமயம் ஒரு கரடிக்கும் எனக்கும் நடந்த பேச்சுவார்த்தையில் என் இடது தோள் போய்விட்டது. தள்ள வரும், சுற்ற வராது.

"உன்னுதைப் பாரு தாயி. நான் கிழவன், எனக்கு என்ன" என்று சொன்னேன். சொன்னது நிஜம். அதே நேரம் என் இடது கை என் மிஷினை அவள் பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் நிஜம். அவள் இரண்டையும் பார்த்தாள். கண் சிரித்தது, வாய் கபடி பாடியது. என் மிஷினில் கைப்பிடியைச் செருகினாள்.

என் ரத்தம் கொஞ்சம் கெட்டி. நேரம் எடுத்தது. முகமெல்லாம் வேர்வை ஒழுக, உதடு வெளுத்து, கழுத்து நரம்பு விரல் தடிமன் புடைத்து நின்றாலும் சுற்று பிசகவில்லை. என் டியூப் வெளுத்ததும் கைப்பிடியை உருவித் தன்னுடையதில் போட்டாள்.

அரைச் சுற்று போயிற்று. நின்றது.

கபடி கபடி என்று அழுத்தினாள். நகரவில்லை. இரண்டு காலையும் என் நாற்காலியில் முட்டுக் கொடுத்து அழுத்தினாள். முருகம்மாள் திட்டுவதை நிறுத்திவிட்டாள்.

மணி கதவைத் திறந்துகொண்டு வந்தான். "கரண்ட் வந்துட்டுல்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், இருட்டையும் நாற்காலிகள் கிடந்த கோலத்தையும் பார்த்தான். ஓடிவந்து அவள் டியூபை விரலால் நசுக்கிப் பார்த்தான்.

"விட்டுரு ஷெர்லின். உறைஞ்சுட்டு. இனி தள்ளினா உள்ள போயி உயிருக்கு ஆபத்து."

அவள் பாட்டை நிறுத்தினாள். அதுவரை அந்த அறை எவ்வளவு சின்னது என்று எனக்குத் தெரியாது.

"நான் அவுட்டா மணி அண்ணா?"

மணி டியூபுக்குக் கிளிப் போட்டு, ஊசியை உருவி, கையைக் கட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டியூபோடு சேர்த்து அவள் ரத்தத்தைச் சிவப்பு வாளியில் போட்டான்.

அந்த நேரம் பார்த்து ரெபேக்காள் வந்தாள். காலையிலேயே திருநெல்வேலிக்குப் போயிருந்தாள், இரண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்ற கடைசி டெஸ்டுக்காக. குடையை மடக்காமலே வாசலில் நின்று, "எட்டி, எல்லாம் ஒத்துப்போச்சு! டாக்டரே சிரிச்சிட்டாரு!" என்றாள்.

"அம்மா" என்றாள் ஷெர்லின். "ஒரு தம்ளர் போயிட்டும்மா."

ரெபேக்காள் வாளியைப் பார்த்தாள். அப்புறம் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் மூன்று பேரையும் வரிசையாகப் பார்த்தாள். அவளுக்கே விளங்கிவிட்டது.

"நீங்க மூணு பேரும் நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கோம் தாயி" என்றார் அய்யாத்துரை, திருட்டில் பிடிபட்டவர் மாதிரி.

டாக்டர் ஆபரேஷனைத் தள்ளிவைத்தார். ரத்தம் தானாக ஊறி வர வேண்டும், அது வரைக்கும் கத்தி வைக்க முடியாது, வெளி ரத்தமும் ஏற்ற முடியாது. அன்று அவளால் பிழைத்த நாங்கள் மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு நின்றோம். எங்களிடம் கொடுக்க இருந்தது ரத்தம் ஒன்றுதான். அவள் வாங்கக் கூடாததும் அது ஒன்றுதான்.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. சீசன் முடிந்து துண்டுக்கடையை மூடினார்கள். படி ஏற முடியாமல் போன ஷெர்லினைப் பிச்சையா நாற்காலியோடு தூக்கி வருவார். பார்க்கிங் அட்டையைக் கழற்றி அடுப்பில் போட்டுவிட்டார். அய்யாத்துரை வாரம் தவறாமல் ஆட்டுச் சுவரொட்டியை, அதாவது மண்ணீரலை, உப்பில்லாமல் வதக்கிக் கொண்டுவந்தார், ரத்தம் ஊறும் என்று. முருகம்மாள் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். கிட்னிக்காரர்களுக்குக் கீரை ஆகாது என்று மணி அதைப் பிடுங்கி மாடிப்படியிலிருந்து வெளியே வீசினான். அந்த இடத்தில் இப்போது ஒரு முருங்கை மரம் நிற்கிறது.

ஷெர்லின் கையில் வலு இல்லை, மூச்சு இருந்தது. முதல் வேலையாகச் சண்டை போட்டு நாலு மிஷினுக்கும் நாலு கைப்பிடி வாங்க வைத்தாள், சங்கிலி போட்டு. இரண்டாவது வேலையாக எல்லா செட்டுக்காரர்களுக்கும் சுற்றப் பழக்கினாள். "ஒரு கபடிக்கு ஒரு சுத்து. ஆச்சி, அவசரப்படாதீங்க, பஸ்ஸு போயிராது" என்பாள். ஊசிக்குப் பயந்தவர்களுக்கு மூச்சுப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். எழுபது வயதுக்காரர்கள் நாற்காலியில் கட்டுண்டு கிடந்தபடி கபடி பாடுவதைக் கீழே போகிறவர்கள் பஜனை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றினார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு திங்களும் விரலை நீட்டி ரத்தம் பார்த்துக்கொள்வாள். ஏறவில்லை என்று மணி தலையை ஆட்டுவான். "சரி, அடுத்த ரைடு" என்பாள்.

ஐப்பசியில் ஏறியது. டாக்டர் நாள் குறித்தார். தாயையும் மகளையும் பக்கத்துப் பக்கத்து அறையில் படுக்கப் போட்டு, ரெபேக்காளுடைய கிட்னியை ஷெர்லினுக்கு வைத்தார்கள். அந்நியம் என்று அவள் உடம்பு தள்ளவில்லை. மேஜையிலேயே அது வேலையைத் தொடங்கிவிட்டது. இத்தனை நாள் அடைபட்டுக் கிடந்தது அத்தனையும் அன்றைக்கே வெளியே வந்தது. மறுநாள் மெயினருவியில் குளிக்கத் தடை போட்டார்கள். மலையில் மழை என்று காரணம் சொன்னார்கள்.

களத்தில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் ஷெர்லின் இப்போது இலஞ்சிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கோட்டுக்கு வெளியே நின்று கபடி சொல்லிக்கொடுக்கிறாள். வெள்ளிக்கிழமை மதியம் மட்டும் மையத்துக்கு வந்து கைப்பிடி பழக்கிவிட்டுப் போவாள். அய்யாத்துரை இன்னும் சுவரொட்டி கொண்டுவருகிறார். ரெபேக்காள் ஒற்றைக் கிட்னியோடு கடையைத் திறந்துவிட்டாள்.

என்னைப் பற்றி விசாரிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் எனக்கு எல்லா டெஸ்டும் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு கிட்னியும் இருபது வயதுக்காரனுடையது மாதிரி இருக்கிறது, இதற்கு ஒரு நாளும் எந்தக் கோளாறும் வந்ததில்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.